பகைவர் மனையிற் பயின்ற மாணாக்கன்

ஒரு தலைவனுக்கு மட்டும் கடமைப்பட்டவனுடைய வழி கடினமானதாயினும் தெளிவானது. உயிரையே கொடுக்க நேரினும், அதனை யார்பொருட்டுக் கொடுப்பது என்னும் ஐயம் அவனுக்கு எழுவதில்லை. இருவர்க்குக் கடமைப்பட்டு, அவ்விருவரும் ஒருவருக்கொருவர் தீராப் பகைவராயும் இருந்துவிடின் அவனுடைய நிலை வேறு. ஒருவர்க்கு அவன் செய்யும் நன்மை மற்றவர்க்குத் தீமையாகும். ஒருவரிடத்துக் காட்டும் உண்மை மற்றவரிடத்துத் துரோகமாகும். பகையரசன் நகரிற் புகுந்து அவனுடைய இரகசியத்தையோ உயிரையோ கவர்ந்து வருமாறு ஏவப்பட்ட இளைஞன், அங்கே தன்னை அன்போடு ஏற்பாரைக் காண்பானாயின், இவ்விடர் அவனை முழுவதும் சூழ்ந்துகொள்ளும். அரசியல் நூலோர் இதனை நன்கறிந்திருந்தனர். காவியம் செய்தோர் இதனை விரித்துக் காட்டினர். மகாபாரதத்து ஆதிபர்வத்தில் வரும் கசனுடைய வரலாறு இவ்வகையில் தொன்மையும் நுட்பமும் வாய்ந்ததொன்றாகும்.

இவ்வரலாறு பாரதத்துள் இடம்பெற்ற காரணம் முதற்கண் அறியத்தக்கது. சர்ப்பயாகம் செய்த சனமேசயன், தன் முன்னோனாகிய யயாதி சுக்கிராசாரியாருடைய மகள் தேவயானியை மனைவியாகப் பெற்றது எவ்வாறு என்று வைசம்பாயனரை வினவுகிறான். அந்தணர் குலத்துக் கன்னிகையொருத்தி அரசனை மணந்தது வழக்கத்துக்கு மாறானதாகலின் அவ்வினா எழுந்தது. அதற்கு விடையாகவே வைசம்பாயனர் கசனுடைய கதையைத் தொடங்குகிறார். பார்வைக்குக் கிளைக்கதையாகத் தோன்றும் இது, உண்மையிற் குருகுலத்தின் வேரைப் பற்றியதாகும்.

மூவுலக ஆட்சியைக் குறித்துத் தேவர்க்கும் அசுரர்க்கும் போர் மூண்டது. தேவர்கள் ஆங்கிரசரின் மகனாகிய பிரகஸ்பதியைத் தமக்குப் புரோகிதராக வரித்தனர். அசுரர்கள் சுக்கிராசாரியாரை வரித்தனர். அவ்விருவரும் ஒருவரையொருவர் விஞ்ச முயன்ற பேரறிஞர்கள். ஆயினும் சுக்கிரரிடத்து இருந்த ஒரு வித்தை பிரகஸ்பதியிடத்து இல்லை. இறந்தாரை எழுப்பும் சஞ்சீவினி வித்தையே அது. போரில் மடிந்த அசுரர்கள் அவ்வித்தையின் வலியால் மீண்டும் எழுந்து படைக்கலந் தாங்கினர். மடிந்த தேவர்களோ எழவில்லை. இந்நிலை நீடிப்பின் வீரம் எத்துணையிருந்தும் தேவர்க்குத் தோல்வி உறுதி என்பது வெளிப்படை. அசுர வேந்தனாகிய விருஷபர்வனுடைய நகரத்தின் அரண் அதன் மதிலன்று. அரசகுருவின் நாவில் இருந்த மந்திரமே ஆகும்.

அஞ்சிய தேவர்கள் பிரகஸ்பதியின் மூத்த மகனாகிய கசனை அடைந்து, விருஷபர்வன் நகரிலுள்ள சுக்கிரரிடம் சென்று அவ்வித்தையைக் கொணருமாறு வேண்டினர். அவர்கள் கூறிய உபாயம் ஊன்றி நோக்கத்தக்கது. சுக்கிரருக்குத் தம் மகள் தேவயானி உயிரனையவள். அவளுடைய உள்ளத்தைக் குணத்தாலும் இனிமையாலும் அடக்கத்தாலும் மகிழ்விப்பாயாயின் வித்தை நின் கைப்படும். இளைஞனாகிய உன்னாலன்றி இது பிறரால் ஆகாது என்பதே அவ்வுபாயம். கசன் அதற்கு இசைந்து புறப்பட்டான்.

ஒற்றர்க்குரிய இலக்கணத்தை வகுத்த பழைய நூல்களோடு கசனை ஒப்பிடின் அவனுடைய தனித்தன்மை விளங்கும். 1905இல் சாமசாஸ்திரியாரால் மைசூரிற் கண்டெடுக்கப்பட்டு 1909இல் அச்சேறிய கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் ஒற்றரைப் பல வகையாகப் பிரிக்கின்றது. அவ்வகைகளுள் முதலிற் கூறப்படுபவன் கபடச் சீடன். பிறருடைய மறைகளை அறியவல்ல துணிவுடைய மாணாக்கன் என்று அவன் விளக்கப்படுகிறான். உயிரை வெறுத்துப் பொருளுக்காக யானையோடும் கொடுவிலங்கோடும் பொருவாரை அந்நூல் தீக்ஷ்ணர் என்கிறது, கொலைத்தொழில் அவர்க்குரியது. நஞ்சூட்டுவார்க்குக் கூறும் இலக்கணம் இன்னும் குறிப்பிடத்தக்கது. சுற்றத்தாரிடத்தும் அன்பற்ற கொடியோரும் மடியுடையோரும் அத்தொழிலுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். மறைவிற் கொல்லும் தொழிலுக்கு அன்பு பெருந்தடை என்பதைக் கௌடிலியர் நன்கு உணர்ந்திருந்தார். தேவர்கள் செய்ததோ இதற்கு நேர்மாறானது. அவர்கள் கசனுடைய கையிற் கொடுத்த கருவியே அன்புதான். அன்பைக் கருவியாகக் கொண்டவன் அதனால் தானும் பிணிக்கப்படாமல் மீள்வது அரிது என்பதை அவர்கள் எண்ணினாரல்லர்.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் துறவுக்கோலம் முதலிய வேடங்களை ஒற்றனுக்கு உரியனவாகக் கூறும். கசனோ வேடம் எதுவும் பூணவில்லை. சுக்கிரர்முன் சென்று, தான் ஆங்கிரசரின் பேரன், பிரகஸ்பதியின் மகன், பெயர் கசன் என்று வெளிப்படையாகக் கூறி, ஆயிரம் ஆண்டு பிரமசரியம் காத்து ஏவல் செய்ய இசைவு வேண்டினான். சுக்கிரரும் எதிரியின் மகன் என்று தள்ளாது, அவனைப் போற்றுவதால் பிரகஸ்பதியும் போற்றப்படுவாராக என்று கூறி ஏற்றுக்கொண்டார். இங்கே ஒன்று நுணுகி அறியவேண்டும். கசன் தன் பெயரை மறைக்கவில்லை. தான் வந்த நோக்கத்தை வாய்திறந்து உரைக்கவும் இல்லை. அவன் பொய் கூறினான் என்று பழித்தற்கும் இடமில்லை. உண்மை முழுவதையும் கூறினான் என்று புகழ்தற்கும் இடமில்லை. பின்னர் விளைந்த துன்பம் அனைத்தும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறு வெளியிலிருந்தே முளைத்தது எனலாம்.

ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தன. கசன் குருவின் ஆனிரைகளை மேய்த்தான்; ஆடியும் பாடியும் இசைக்கருவிகளை மீட்டியும், பூவும் கனியும் கொணர்ந்தும் தேவயானியை மகிழ்வித்தான். விரதம் காத்த அவ்விளைஞனுக்கு அவளும் பாடியும் பணிபுரிந்தும் அன்பு காட்டினாள். அப்பொழுதுதான் அசுரர்கள் அவன் இன்னானென உணர்ந்தனர். பிரகஸ்பதியின்மேற் கொண்ட பகையாலும் வித்தையைக் காக்கும் கருத்தாலும் அவனை வனத்திலே தனிமையிற் கொன்று, எள்ளளவு துண்டுகளாக்கி ஓநாய்களுக்கு இரையாக இட்டனர். அசுரர் செயல் கொடியதாயினும் அவர்தம் அச்சம் பொய்யன்று. அரசின் உயிர்நிலையான மறை ஒன்று பகைவன் மகனுடைய செவிக்கு அணித்தாக இருந்தது என்பதை அவர்கள் சரியாகவே கணித்தனர்.

மாலையில் மாடுகள் மேய்ப்பவனின்றித் திரும்பின. வேள்வித்தீ ஓம்பப்படவில்லை, கதிரவனும் மறைந்தான், கசனைக் காணேன், அவனின்றி உயிர்வாழேன் என்று தேவயானி தந்தையிடம் கூறினாள். சுக்கிரர் வித்தையை ஓதி அழைக்க, கசன் உயிருடன் வந்து நின்றான். வழக்கிலுள்ள பாடத்தின்படி, இரண்டாம் முறை அசுரர்கள் அவனை அரைத்துக் கடல்நீரிற் கலந்தனர். அம்முறையும் அவன் மீட்கப்பட்டான். மூன்றாம் முறை அவர்கள் செய்த சூழ்ச்சி மிகக் கொடியது. அவனை எரித்துச் சாம்பலாக்கி, அதனை மதுவிற் கலந்து, அம்மதுவைச் சுக்கிரருக்கே பருகக் கொடுத்தனர். மாணாக்கனுக்குப் பகைவர்கள் தேடிய கல்லறை ஆசிரியருடைய வயிறாயிற்று.

தேவயானி மீண்டும் அழுதாள். சுக்கிரர் முதலில் மறுத்தார்; எத்தனை முறை எழுப்பினும் அவன் கொல்லப்படுகிறான், இவனுக்காக வருந்தற்க என்றார். அவள் பிடிவாதம் தளரவில்லை. அவர் வித்தையால் அழைத்தபோது விடை அவருடைய வயிற்றினுள்ளிருந்தே வந்தது. குருவுக்கு ஊறு நேருமோ என்று அஞ்சிய கசன் மெல்லிய குரலிற் பேசினான், நிகழ்ந்ததை உரைத்தான், குருவைக் கொன்று வெளிவரின் தன் தவம் அழியுமாதலின் இக்கொடிய துன்பத்தைப் பொறுத்திருப்பதாகவும் கூறினான்.

இவ்விடத்தில் கசனுக்கு மட்டுமன்றி அம்மனையிலிருந்த மூவர்க்கும் கடமை இரண்டாகப் பிளவுபடுகின்றது. சுக்கிரர் அசுரர்க்குப் புரோகிதர். அவர்தம் வெற்றிக்குப் பொறுப்பாளர். அவரே கசனுக்குக் குரு. அடைக்கலமாக ஏற்ற மாணாக்கனைக் காக்கக் கடமைப்பட்டவர். தேவயானிக்கோ, கசன் வாழின் தந்தை மாய்வார். தந்தை வாழின் கசன் மாய்வான். இரு துயரும் தன்னை நெருப்புப்போற் சுடுகின்றன என்று அவள் கதறினாள். தந்தையையும் காதலனையும் ஒருங்கே காக்கும் வழி ஒன்றே இருந்தது. சுக்கிரர் தம் வயிற்றினுள் இருப்பவனுக்குச் சஞ்சீவினி வித்தையை உபதேசிக்கவேண்டும்; அவன் அவரைப் பிளந்து வெளிவந்து அவ்வித்தையால் அவரை எழுப்பவேண்டும்.

சுக்கிரருக்கு ஐயம் இல்லாமற் போகவில்லை. கசன் உருவில் வந்த இந்திரனாக நீ இல்லாயெனின் இவ்வித்தையைப் பெறுவாயாக என்று அவர் கூறியதிலிருந்து அது புலனாகின்றது. பகைவேந்தனே மாறுவேடத்தில் வந்திருப்பின் தம் உயிர் திரும்பாது என்பதை அறிந்தே அவர் உபதேசித்தார். அதனோடு ஒரு வேண்டுகோளும் விடுத்தார். என் உடலினின்று வெளிவருதலால் நீ எனக்கு மகனாகின்றாய். மகனாக நின்று எனக்கு உயிர் தருவாயாக. குருவினிடத்துக் கல்வி பெற்றவன் அறநெறியையே நோக்கவேண்டும் என்றார். சபதம் வாங்கவில்லை, சாட்சி வைக்கவில்லை. சாகப்போகும் ஆசிரியர் மாணாக்கனுடைய நல்லியல்பு ஒன்றனையே பிணையாகக் கொண்டார்.

கசன் குருவின் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளிப்பட்டான். சுக்கிரர் உயிரற்று வீழ்ந்தார். அக்கணத்தில் அவன் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். தேவர் வேண்டிய வித்தை அவனிடம் இருக்கின்றது. அசுரரின் குரு அவன் காலடியிற் பிணமாகக் கிடக்கின்றார். இனி அசுரருள் மடிந்தவனை எழுப்புவார் எவருமிலர். அவன் ஒன்றும் செய்யாது நடந்துவிடின் போதும். நூறு படைகள் செய்ய முடியாததை ஒரு கணத்திற் செய்து முடித்தவனாவான். கொலைக் குற்றமும் அவனை நேராகச் சாராது; அசுரரே அவனை மதுவிற் கலந்தனர், சுக்கிரரே அழைத்தார் என்று வாதிடவும் இடமுண்டு. போரை முடிக்கும் ஆயுதமாக அவனை ஆக்கியவர்கள் அவனுடைய எதிரிகளே. அவ்வாயுதம் செயற்படாதிருக்க இருந்த தடை அவனுடைய மனம் ஒன்றுதான்.

கசன் வித்தையை ஓதிக் குருவை எழுப்பினான். எழுப்பியபின் வணங்கி, தன் செவியில் ஞான அமுதத்தைப் பொழிந்தவரைத் தந்தையும் தாயுமாக எண்ணுவதாகவும், அவர் செய்த நன்மையை அறிந்தவன் எவனும் அவருக்குக் கேடு நினையான் என்றும் கூறினான். உலகில் அவன் அவ்வித்தையை முதன்முதற் பயன்படுத்தியது தன் பகைவரின் குருவை உயிர்ப்பித்தற்கே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இதனோடு பாரதத்தின் மற்றொரு மாணாக்கனை ஒப்பிடுதல் பயன்தரும். துரோணரைக் கொல்லவல்ல மகனை வேண்டித் துருபதன் செய்த வேள்வித்தீயினின்று திருஷ்டத்துய்மன் தோன்றினான். அவன் துரோணரை அழிக்கப் பிறந்தவன் என்பது உலகறிந்த செய்தி. துரோணரும் அதனை அறிந்திருந்தே, விதி விலக்கற்கரியது என்று கருதி, அவனுக்குப் படைக்கலப் பயிற்சி அளித்தார். பாரதப்போரின் பதினைந்தாம் நாள், மகன் இறந்தான் என்ற சொற்கேட்டுப் படைக்கலம் துறந்து யோகத்தில் அமர்ந்த அவ்வாசிரியரின் தலையைத் திருஷ்டத்துய்மன் கொய்தான். கொல்லவேண்டா என்று அருச்சுனன் கூவியது அவன் செவியில் ஏறவில்லை. தந்தைக்குச் செய்யவேண்டிய கடன் அவ்வாறு நிறைவேறியது. ஆயின் அச்செயல் பகையை முடிக்கவில்லை. போர் முடிந்த இரவிலே துரோணருடைய மகன் அசுவத்தாமன் பாசறையிற் புகுந்து, உறங்கிக் கிடந்த திருஷ்டத்துய்மனை மிதித்தே கொன்றான். இருவரும் பகைவரின் மகனென்று தெரிந்தே ஏற்ற ஆசிரியரிடம் கற்றனர். ஒருவன் கற்ற வித்தை ஆசிரியரை வீழ்த்தியது. மற்றவன் கற்ற வித்தை ஆசிரியரை எழுப்பியது.

குருவை எழுப்பியதாற் கசன் தேவர்க்குத் துரோகம் செய்தானா என்ற வினா எழக்கூடும். தேவர்கள் அவனிடம் வேண்டியது வித்தையே அன்றிச் சுக்கிரருடைய உயிரன்று. ஏவலுக்கு உட்பட்டதை அவன் குறைவின்றிச் செய்தான். ஏவலைக் கடந்து கிடைத்த இலாபத்தை ஏற்க மறுத்தான். வித்தை கைவந்த மறுநாளே ஓடிவிடவும் இல்லை; தான் கூறிய ஆயிரம் ஆண்டும் நிறையும்வரை அம்மனையிலேயே தங்கி, குரு விடைகொடுத்த பின்னரே புறப்பட்டான். சுக்கிரரும் அவனை ஒளிக்கவில்லை. கசன் தமக்கு நிகராக வித்தையைப் பெற்றுவிட்டான் என்று அசுரர்க்குத் தாமே அறிவித்தார். மது மயக்கத்தால் தாம் மாணாக்கனையே விழுங்க நேர்ந்ததை எண்ணி நொந்து, அந்தணர் மது அருந்துதல் ஆகாது என்ற விலக்கையும் அவர் அப்பொழுதே விதித்தார். இவ்வாறு தேவர்க்கும் குருவுக்கும் உரிய இரு கடன்களையும் கசன் தீர்த்தான்.

ஆயினும் மூன்றாவது கடன் ஒன்று எஞ்சிநின்றது. புறப்படும் நேரத்தில் தேவயானி தன்னை மணக்குமாறு வேண்டினாள். அசுரர்கள் திரும்பத் திரும்பக் கொன்றபோதெல்லாம் தான் காட்டிய அன்பை நினைக்குமாறு கூறினாள். கசன் இசையவில்லை. குருவின் மகள் குருவைப் போலவே வணங்கத்தக்கவள் என்றான்; அவள் தோன்றிய உடலிலேயே தானும் தங்கிப் பிறந்தமையால் அறநெறிப்படி அவள் தனக்கு உடன்பிறந்தாள் ஆவாள் என்றும் கூறினான். நீ பிரகஸ்பதியின் வழிவந்தவன், என் தந்தையின் மகனல்லை என்று அவள் மறுத்துரைத்தாள். இருவர் வாதத்திலும் நியாயமுண்டு.

சாத்திரத்தின்படி கசன் வென்றான் என்றே கொள்ளலாம். வயிற்றினுள் இருந்தவனை மகனென்று அழைத்தவர் சுக்கிரரே. குருவைக் காப்பாற்றிய அதே உறவு தேவயானியை மறுக்கவும் காரணமாயிற்று. எனினும் அவளுடைய துயரம் சாத்திரத்தால் ஆறவில்லை. தான் ஒருநாள் மீளவேண்டியவன் என்பது கசனுக்குத் தொடக்கத்திலேயே தெரியும். அவளுக்கு அவன் அதனைக் கூறியதாகக் கதை சொல்லவில்லை. அவளை மகிழ்விக்குமாறு ஏவியவர்கள் தேவர்கள். அவ்வேவலின் பயனாக அவன் மும்முறை உயிர்பெற்றான். அவன் வாக்குக் கொடுத்து மீறினானல்லன். ஆயினும் பெற்றதற்கு ஈடாக எதனையும் அவளுக்குக் கொடுத்தானும் அல்லன்.

சினந்த தேவயானி, அவ்வித்தை உனக்குப் பலியாதிருக்க என்று சபித்தாள். கசன், உன்னிடத்துக் குற்றங்கண்டு நான் மறுக்கவில்லை. உன் சாபம் அறத்தாலன்றி ஆசையாற் பிறந்தது. முனிவர் மகன் எவனும் உன் கரம் பற்றான் என்று எதிர்ச்சாபம் இட்டான். வித்தை தனக்குப் பலியாவிடினும் தன்னிடம் கற்பார்க்குப் பலிக்கும் என்று கூறி விண்ணுலகு சென்றான். தேவர்கள் மகிழ்ந்து அவனுக்கு வேள்வியிற் பங்களித்தனர். அவனிடம் வித்தையைக் கற்றுக்கொண்டனர். தேவயானி பின்னர் யயாதியை மணந்தாள். அவளுடைய மகன் யதுவின் வழியில் யாதவரும், அவளுக்கு ஏவற்பெண்ணாக வந்த விருஷபர்வன் மகள் சர்மிஷ்டையின் மகன் பூருவின் வழியிற் கௌரவரும் பாண்டவரும் தோன்றினர். சனமேசயனுடைய வினாவுக்கு விடை இவ்வாறு கிடைத்தது.

பிற்காலப் புலவர் சிலர் இப்பிரிவுக் காட்சியைத் தத்தம் நோக்கிற்கேற்ப மாற்றியமைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் 'பிரிவுச் சாபம்' என்ற பொருளுடைய பெயரால் வங்கமொழியிற் கவிதை நாடகம் இயற்றிய இரவீந்திரநாத தாகூர், கசனுடைய எதிர்ச்சாபத்தை நீக்கி, அவன் தேவயானியை வாழ்த்திச் செல்வதாகப் பாடினார். மராத்தி எழுத்தாளர் காண்டேகர் 1959இல் வெளியிட்ட 'யயாதி' நாவலிற் கசன் அடக்கத்துக்கும் துறவுக்கும் எடுத்துக்காட்டாக வருகிறான். அந்நூல் 1974ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றது. எதிர்ச்சாபத்தைத் தாகூர் விலக்கியமை கருத்தூன்றத்தக்கது. சாபம் பெற்றவன் வாழ்த்துவதே எஞ்சிய கடனை ஓரளவேனும் தீர்க்கும் வழி என்று அவர் கருதினார் போலும்.

மூலநூலோ அவ்வாறு எளிதாக முடிக்கவில்லை. இரு பகைவர்க்கிடையே நின்றவன் இருவர்க்கும் உண்மையாயிருத்தல் இயலும் என்பதைக் கசன் வரலாறு காட்டுகின்றது. அதற்கு வேண்டுவன இரண்டு. ஏவப்பட்டதன் எல்லை எதுவென அறிதல் ஒன்று. அவ்வெல்லைக்கு அப்பால் வலியவந்து கிடைக்கும் வெற்றியைத் தள்ளும் உரம் மற்றொன்று. ஆயின் அவ்விருவரது வழக்கிலும் சேராத மூன்றாமவர் ஒருவரின் அன்பு கருவியாகக் கொள்ளப்படும்போது, அதன் விலையைச் செய்தவனே செலுத்த நேரும் என்பதையும் அவ்வரலாறு மறைக்கவில்லை. மும்முறை மடிந்து கசன் ஈட்டிய வித்தை தேவர் அனைவர்க்கும் பயன்பட்டது. ஈட்டிய அவனோ, தன் குருவை எழுப்பிய அந்த ஒருமுறைக்குப் பின்னர், எவரையும் தன் வாயால் எழுப்பும் பேறு பெற்றானல்லன்.